பூனைக்கு ஊறவைத்த ரொட்டி

பஞ்சகென்ட்
1983 ஜூன்

அன்பு மகன் ஷோத்மோனுக்கு,

உன்னைப் பெற்றவள் அன்சுரத் எழுதுவது. நானும் உன் அப்பாவும் மாடும் இறைவன் அருளால் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன். நடுநடுவே புகையிலை வயலில் குனிந்து நிற்கும்போதும் கேட்கிறேன்.

உன் முதல் கடிதம் வந்தது. ஆரம்பத்தில் சலாம், முடிவில் சலாம், நடுவில் முழுக்கப் பூனை. பூனைக்குட்டி உயிரோடு இருக்கிறதா, என்ன தின்கிறது, எப்போது தின்கிறது என்று கேட்டிருக்கிறாய். பெற்ற தாய் என்ன தின்றாள் என்று ஒரு வரி இல்லை. பட்டாளத்துக்குப் போனால் பிள்ளைகளுக்குப் புத்தி வரும் என்றார்கள். உன் புத்தி ஏறின வண்டி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

சரி, கேட்டதைச் சொல்கிறேன். நீயும் ஹம்ரோவும் வாய்க்காலில் கோணிப்பையிலிருந்து எடுத்துவந்த அந்த ஈரமான கைப்பிடி அளவுக் குட்டி உயிரோடுதான் இருக்கிறது. யாருடைய பூனை என்று நீங்கள் இரண்டு பேரும் புறப்படுகிற நாள்வரை அடித்துக்கொண்டீர்களே, அதற்கு உன் அப்பா சொன்ன தீர்ப்பு நினைவிருக்கிறதா? "ஆளுக்குப் பாதி. தலை நம்ம பையனுக்கு, வால் ஹம்ரோவுக்கு. போய் வண்டியில ஏறுங்கடா." நீங்கள் சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டீர்கள். தின்கிற பக்கம் என் தலையில் விழுந்தது.

முதல் வாரம் அது பிழைக்கும் என்று நான் நம்பவில்லை. நம் மாட்டுப்பாலைக் கொடுத்தேன், வயிற்றால் போயிற்று. விரலில் தொட்டு நக்கக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. புகையிலை நுனி கிள்ளிவிட்டு வருகிற கை அல்லவா, எத்தனை தேய்த்தாலும் கசப்பு போவதில்லை. உன் அப்பாவின் கையில் டீசல் நாற்றம். அந்த அனாதைக்கு இந்த வீட்டில் ஒரு நல்ல விரல்கூட வாய்க்கவில்லை.

காப்பாற்றியவள் ஹம்ரோவின் அம்மா சனோபர்தான். தன் ஆட்டில் கறந்த பாலைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "அக்கா, வால் பங்குக்காரி வந்திருக்கேன். உங்க தலைப் பங்கு பாலையே குடிக்க மாட்டேங்குதாமே, ஊரெல்லாம் சிரிக்குது" என்றாள். ஆட்டுப்பாலில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, சுத்தமான துணியைத் திரியாக முறுக்கித் தோய்த்துக் கொடுத்தோம். உன்னைக் கிடத்தியதுபோல் மடியில் மல்லாத்திப் போட்டு ஊட்டினேன். பால் மூக்கில் ஏறி அது நீலமாகிவிட்டது. உன் அப்பா ஓடிவந்து பிடுங்கிக் குப்புறப் போட்டார். "அது பூனைடி, உன் பேரன் இல்ல. வயிறு தரையில இருக்கணும்" என்று கத்தினார். அதற்குப் பிறகு குப்புற வைத்தே ஊட்டினோம். இப்போது தானாகவே தட்டில் நக்குகிறது. கொத்திய இறைச்சியைக் கண்டால் உறுமுகிறது. கட்டைவிரல் அளவு உருவத்துக்கு நீ சிறுத்தையின் பெயரை வைத்தாயே, பலாங் என்று, அந்தப் பெயருக்கு இப்போதுதான் வாயைத் திறக்கிறது.

வீட்டில் வேறு மாற்றம் இல்லை. புறப்படும்போது நீ ஒரு வாய் கடித்து வைத்த ரொட்டி வாசல் நிலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. உன் உடைந்த முன்பல்லின் தடம் அதில் அப்படியே இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். சனோபர் வீட்டு நிலையில் ஹம்ரோவின் ரொட்டி தொங்குகிறது. நீங்கள் வந்து மீதியைத் தின்னும்வரை இரண்டையும் யாரும் தொடப்போவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கால்களை உலர்வாக வைத்துக்கொள். இறைவன் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
அன்சுரத்

•

பஞ்சகென்ட்
1983 நவம்பர்

அன்பு மகனுக்கு அம்மாவின் சலாம்.

உன்னை மங்கோலியாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அங்கே குளிர் அதிகம் என்று சொல்கிறார்கள், கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். ஹம்ரோவும் அங்கேதான் இருக்கிறானாம். அவன் கடிதத்தை சனோபர் படித்துக் காட்டினாள். வேறு வேறு முகாம் என்றாலும் ஒரே நாடு என்று எங்களுக்கு ஒரு நிம்மதி.

போன கடிதத்தில், அங்கே ஒரு பாட்டி காய்ந்த மல்பெரி தந்தாள், நம் வீட்டு மல்பெரியைப் போலவே இருந்தது, அவள் பேசியது எனக்கு நன்றாகவே புரிந்தது என்று எழுதியிருந்தாய். அதை நான் பல தடவை படித்தேன். பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியார் சந்தையில் நின்றார். மங்கோலியாவில் மல்பெரி காய்க்குமா, அங்கே நம் தாஜிக் பாஷை பேசுவார்களா என்று கேட்டேன். அந்த மனிதர் கையிலிருந்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கும்க்கா. பெரிய நாடு. எங்கேயாவது இருக்கும்" என்றார். நானும் வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ மங்கோலியா என்று எழுதினால் எனக்கு அது மங்கோலியாதான் மகனே. கவலைப்படாதே, நான் யாரையும் இனி கேட்கமாட்டேன்.

பலாங்கைப் பற்றி ஒரு செய்தி. அவன் இல்லை, அவள். சனோபர்தான் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா, "வால் பங்குக்காரிக்குத்தான் முதல்ல தெரியணும்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். பால் பற்கள் விழுந்து புதுப் பல் முளைக்கிறது. கம்பளத்தில் ஒரு பல் கிடைத்தது, அரிசி முனை அளவு. உன் முதல் பல்லை வைத்திருக்கிற டப்பாவிலேயே போட்டுவைத்தேன்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு வருத்தப்படாதே. உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

அவளுக்கு நான் அளவில்லாமல் போட்டுவிட்டேன். காலையில் பால் தேநீரில் ஊறின ரொட்டி, மதியம் புலாவ் சோற்றிலிருந்து பொறுக்கின கறி, சாயங்காலம் ஆட்டு வால் கொழுப்பு. நீ கேட்டிருக்கிறாய் அல்லவா, என்ன தின்றாள் என்று. ஒவ்வொரு வேளையும் உனக்கு எழுதுவதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று வைத்தேன். அவள் தட்டைக் காலி செய்யும்போது என் வயிறு நிறைந்தது. உன் அப்பா எச்சரித்தார். "வயிறு நெறஞ்ச பூனை எலியைப் பார்த்தா சலாம் வைக்கும்" என்றார். நான் கேட்கவில்லை. குளிர் வந்ததும் வயல் எலிகள் வீட்டுக்குள் வந்தன. ஒருநாள் வேலையிலிருந்து வந்து நிமிர்ந்து பார்க்கிறேன், உன் ரொட்டியின் ஓரத்தில் எலி கடித்திருந்தது. நேர் கீழே அந்த மகாராணி தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். நீ கடித்த பக்கம் பத்திரமாக இருக்கிறது, எலி தொட்டது மறுபக்கம்தான். கம்பி போட்டு உயரத்தில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து பலாங்குக்கு ஒரு வேளைதான் சோறு, அதுவும் அரை வயிறு. அவள் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்துகிறாள். நான் கல்லாக நிற்கிறேன். உன் பூனையைப் பட்டினி போடுகிறேன் என்று நினைக்காதே. உன் ரொட்டிக்குக் காவல் வைத்திருக்கிறேன்.

பலன் தெரிகிறது. நேற்று ஒரு எலியைப் பிடித்து, நீ விட்டுப்போன ரப்பர் செருப்புக்குள் வைத்திருந்தாள். உனக்கென்று வைத்தாளா, எனக்குப் பதில் சொன்னாளா, தெரியவில்லை.

ரொட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. எலி தொட்டது நல்லதில்லை என்று சொல்வதற்கு ஊரில் வாய்கள் இருக்கின்றன. நான் அப்படி நினைக்கவில்லை. நீயும் நினைக்காதே. இறைவன் உன்னை நல்லவர்கள் நடுவில் வைக்கட்டும்.

உன் அம்மா
அன்சுரத்

மகனே, பூனைக்கு ஒன்றுமில்லை. கொழுத்திருந்தது, இப்போது சரியாகிவிட்டது. உன் அம்மாதான் இளைத்திருக்கிறாள். அவளுக்கு அடிக்கடி எழுது. அப்பா.

•

பஞ்சகென்ட்
1984 பிப்ரவரி

அன்பு மகன் ஷோத்மோனுக்கு அம்மாவின் சலாம்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றார் உன் அப்பா. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அந்தப் பூனைக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒருவனைப் பற்றி மற்றவனுக்குச் சொல்லாமல் நான் எப்படி இருப்பேன்?

ஹம்ரோ வீட்டுக்கு வந்துவிட்டான் மகனே. துத்தநாகப் பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். சனோபர் அந்தத் தகரத்தில் கன்னத்தை வைத்து, தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று எல்லோரையும் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. தெற்கே எல்லை நதிக்கு அந்தப் பக்கம், சண்டை நடக்கிற நாட்டின் பெயரைச் சொல்லி அலறினாள். அதிகாரி, "அம்மா, அந்தப் பேரெல்லாம் சொல்லாதீங்க" என்று கெஞ்சினார். அவரும் சின்னப் பையன்தான், முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஹம்ரோவும் மங்கோலியாவிலிருந்துதான் எழுதிக்கொண்டிருந்தான்.

நாற்பது நாளும் சனோபர் வெளியே வரவில்லை. நான்தான் போய் வந்தேன். ஆட்டைக் கறந்து கொடுத்துவிட்டு வருவேன். பாலை அவள் தொடவே இல்லை. பலாங் மட்டும் வழக்கமான நேரத்துக்கு வாசலில் போய் உட்கார்ந்து கிண்ணத்துக்காகத் தெருவைப் பார்ப்பாள்.

நாற்பதாவது நாள் ஓதி முடிந்த மறுநாள் சனோபர் வந்தாள். கையில் கிண்ணம் இருந்தது, அக்குளில் வெள்ளைத்துணி மூட்டை. அதற்குள் என்ன என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஹம்ரோ கடித்து வைத்த ரொட்டி.

"அக்கா, இதை நிலையில வச்சுப் பார்க்க முடியல. எடுத்தா எங்க வைக்கிறதுன்னு தெரியல. ரொட்டியை வீச முடியுமா? மண்ணுல போட முடியுமா? குருவிக்குப் போடுங்கறாங்க. குருவி ஆளுக்கொரு துணுக்கை எடுத்துக்கிட்டு நாலா திக்கும் பறந்துடும். ஏற்கெனவே அவன் எந்தத் திக்குல என்ன ஆனான்னு தெரியாம கெடக்கேன். இது ஒரே வயித்துக்குள்ள போகட்டும். அவன் பங்கு இங்க ஒண்ணு இருக்குல்ல" என்றாள்.

ஆட்டுப்பாலைச் சுடவைத்தேன். ரொட்டியில் கத்தி படக்கூடாது என்று கையாலேயே உடைக்கப் பார்த்தோம். கல்லாக இருந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டோம். டிராக்டர் சக்கரத்தைக் கழற்றுகிற மனிதருக்கு ஒரு ரொட்டியை உடைக்க முகமெல்லாம் வேர்த்தது. உடைத்துக் கொடுத்துவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

சனோபர் துண்டுகளைப் பாலில் ஊறவைத்துத் தட்டில் எடுத்து வைத்தாள். பலாங் அரை வயிற்றுக்காரி அல்லவா, ஓடி வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தின்னும்போது சனோபர், "தின்னு கண்ணு, மெதுவா தின்னு, விக்கிக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரிடம் சொன்னாள் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

பல் தடம் இருந்த துண்டை மட்டும் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் அதையும் தோய்த்து வைத்தாள். பலாங்குக்கு அதற்குள் வயிறு நிறைந்துவிட்டது. மோந்து பார்த்தாள், ஒரு நக்கு நக்கினாள், அப்புறம் தள்ளிப் போய் உட்கார்ந்து முகம் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சனோபர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள் மகனே. நாற்பது நாளுக்குப் பிறகு முதல் தடவை. "பாருக்கா, அம்மாவுக்குன்னு மிச்சம் வச்சிருக்கான். சின்ன வயசுலயும் இப்படித்தான்" என்று சொல்லி, அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பூனை வாய் வைத்தது நமக்கு அசுத்தம் இல்லையே. மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் என் தலை நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் நம் நிலை, நம் ஆணி.

உன் கடிதம் இந்த மாதம் இன்னும் வரவில்லை. பனியில் தபால் வண்டி தாமதம் என்கிறார்கள். நன்றாகச் சாப்பிடு. யாராவது முன்னால் போகச் சொன்னால் பின்னால் போ, தாய் சொன்னாள் என்று சொல்.

உன் அம்மா
அன்சுரத்

•

பஞ்சகென்ட்
1984 மே

என் உயிரான மகன் ஷோத்மோனுக்கு,

உன் அம்மா எழுதுவது. பிப்ரவரியில் நான் எழுதியதற்குப் பதில் இல்லை. மார்ச்சில் எழுதியதற்கும் இல்லை. ஹம்ரோவைப் பற்றி எழுதியிருக்கக்கூடாதோ என்று என்னை நானே திட்டிக்கொள்கிறேன். உன் அப்பா திட்டுவதை நிறுத்திவிட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தபால்காரப் பெண் நம் வாசலைத் தாண்டும்போது பையைத் திருத்துவதுபோல் குனிந்துகொள்கிறாள். அவளைப் பார்த்து நானும் பூனையைக் கூப்பிடுவதுபோல் உள்ளே போய்விடுகிறேன்.

நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்காமலே சொல்கிறேன். பலாங்குக்கு ஒரு வயது ஆகிவிட்டது. உன் மெத்தை விரிப்புகளை மடித்து வைத்திருந்த பெட்டிக்குள் குட்டி போட்டிருக்கிறாள். விரிப்பு பாழ்தான், போகட்டும், வேறு தைத்துவைப்பேன். இப்போது அரை வயிற்றுக் கட்டுப்பாடு இல்லை. ஈரல், முட்டை, பாலில் ஊறின ரொட்டி, கேட்டது எல்லாம் உண்டு. ஆனால் இந்த ஒரு வருஷமாக என் கையைப் பார்த்து வளர்ந்தவள் இப்போது என் கையைப் பார்ப்பதே இல்லை. தட்டில் இருப்பதை அவசரமாக விழுங்கிவிட்டுப் பெட்டிக்கு ஓடுகிறாள். எலி பிடித்தால் தான் தின்னாமல் குட்டிகள் முன்னால் கொண்டுபோய்ப் போடுகிறாள். அவற்றுக்கு இன்னும் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. "உன்னை மாதிரிதான், அளவு தெரியாது" என்று உன் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். குளிர் போனதிலிருந்து அவர் சொன்ன ஒரே வேடிக்கை அது.

சனோபர் தினமும் வருகிறாள். பால் கிண்ணத்தோடுதான் வருகிறாள். குட்டிகள் பால் மறந்ததும் சாம்பல் நிறத்தை எனக்குக் கொடு, வால் பங்குக்கு அதுதான் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவளே வாயைத் திறந்து கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் போனதும் உள்ளே போய் அழுதேன்.

மகனே, நீ என்னிடம் ஒப்படைத்தது ஈரமான ஒரு கைப்பிடி. சாகக் கிடந்ததை எடுத்து ஊட்டினேன், அளவு தெரியாமல் ஊட்டினேன், பட்டினியும் போட்டேன், இன்று அது தாயாகிவிட்டது. நீ கேட்டதைச் செய்து முடித்துவிட்டேன். இனி நான் கேட்கிறேன்.

ஒரு வரி எழுது. கை முடியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லி எழுது. அதுவும் முடியாவிட்டால் வெறும் காகிதத்தையாவது உறையில் போட்டு அனுப்பு, நான் படித்துக்கொள்கிறேன்.

உன் ரொட்டி ஆணியில் இருக்கிறது. ஒரு பக்கம் எலி கடித்த ஓரம், மறுபக்கம் நீ கடித்த இடம். கல்லாகிவிட்டது. அதை நான் யாருக்காகவும் பாலில் போடமாட்டேன். பூனைக்கும் இல்லை, குருவிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இன்னும் ஒரு வருஷம் பாக்கி என்கிறார்கள். ஒரு வருஷம் தொங்கினது இன்னும் ஒரு வருஷம் தொங்கட்டும். பலாங்கை நம்பியிருக்கிறேன், அவள் இப்போது ஓர் எலியையும் விடுவதில்லை.

நேற்று சனோபர் கிளம்பும்போது வாசலில் நின்று நிலையை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அதைப் பார்க்கக்கூடாது என்று இத்தனை நாள் நான் திரை போட்டு வைத்திருந்தேன், காற்றில் விலகிவிட்டது. ஓடிப்போய் இழுத்து மூடப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவன் வர்ற அன்னைக்கு உன் மாட்டுப்பால்ல ஊறவைக்காதே, பூனைக்கே அது ஒத்துக்கல. எனக்குச் சொல்லி அனுப்பு. என் ஆட்டைக் கறந்து எடுத்துக்கிட்டு ஓடி வர்றேன். அது ஹம்ரோ பங்கு" என்றாள்.

மங்கோலியா தூரம்தான். இருந்தாலும் அங்கிருந்து வீட்டுக்கு வழி இருக்கிறது மகனே. அந்த வழியெல்லாம் இறைவன் உன்னை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவரட்டும். பால் கறக்க ஒருத்தி காத்திருக்கிறாள். வந்து மீதியைத் தின்.

உன் அம்மா
அன்சுரத்